இரண்டு கைக்கும் இரண்டு பட்டன்

நேற்று பைண்டிங் கடையில் ஒரு மனிதரை ஓங்கி அறைந்துவிட்டேன். நம் புத்தகத்தின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தவர். நாம் தகடு அடித்த கம்பெனி ப்ரஸ்ஸைப் போலவே, காகிதம் வெட்டும் அந்த மெஷினிலும் இரண்டு கைக்கும் இரண்டு பட்டன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் கத்தி இறங்கும்; அப்போதுதான் கை இரண்டும் வெளியே இருக்கும். அவர் ஒரு கையாலேயே வேகமாக ஓட்ட, ஒரு பட்டன் அமுங்கியே இருக்கும்படி மரச்சில்லு ஒன்றைச் செருகி வைத்திருந்தார். ப்ரஸ் ஷாப்பின் அதே ஆயில் வாடை வேறு. என் கை தானாக அவர் கன்னத்துக்குப் போய்விட்டது.

நீயும் அப்படித்தானே, பேசுவதற்கு முன் கை நீட்டுவாய். ஒரகடம் கம்பெனியில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து ப்ரஸ். நீ மண்ணூர்க்காரன். நான் சங்கரன்கோவிலிலிருந்து பிழைக்க வந்து சுங்குவார்சத்திரத்தில் அறையெடுத்தவன். நாவல் எழுதுகிறேன் என்று சொன்னால் சிரிப்பாய் என்று பயந்தேன். "குடுறா தெக்கத்தியான், இன்னா கிழிச்சிகீறன்னு பாப்போம்" என்று பிடுங்கிக்கொண்டு போனாய். முதல் வரைவு அது. ப்ரஸ்ஸில் ஒருவனுக்கு விரல்கள் போகிற இடத்தில், 'எல்லாம் விதி' என்று எழுதி முடித்திருந்தேன். டீக்கடை வாசலிலேயே அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டாய்.

"விதியா வந்து சில்லு சொருவுச்சு? டார்கெட் பத்தலன்னு லைன் லீடர் சொருவச் சொன்னான், நம்ம சொருவுனோம். அத எழுதுறா!"

"கண்ணு முழிச்சு எழுதுனத ஏம்ல கிழிச்ச?" என்று உன் சட்டையைப் பிடித்தேன். நீ அறைந்தாய், நான் குத்தினேன். உன் உதடு கிழிந்தது, என் மூக்கில் ரத்தம் கொட்டியது. டீக்கடைக்காரர் வாளித் தண்ணீரை வீசித்தான் நம்மைப் பிரித்தார். மறுநாள் கம்பெனி பஸ்ஸில், கிழித்ததையெல்லாம் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிக் கொண்டுவந்து என் மடியில் போட்டாய். "திருப்பி எழுது. இல்லன்னா கைய ஒடிச்சிடுவேன்."

இரண்டாவது வரைவு பாதியில் இருக்கும்போது நீ போய்விட்டாய். மாதக் கடைசி. ப்ரஸ்ஸின் அச்சு, அந்த டையில் தகடு சிக்கிக்கொண்டது. எடுக்கக் குனிந்து இடது கையை உள்ளே விட்டாய். ஒரு பட்டனில் சில்லு இருந்தது. இன்னொன்றில் உன் முழங்கை பட்டது. ப்ரஸ் இறங்கிய சத்தம் எப்போதும் போலத்தான் இருந்தது, நான் திரும்பக்கூட இல்லை. உன் அலறல்தான் திருப்பியது. கை தோள்வரை நசுங்கியிருந்தது. என் சட்டையைக் கழற்றி அமுக்கினேன், ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என் மடியில் முடிந்துபோனாய்.

நான் திரும்பி வருவதற்குள் சில்லை எடுத்துவிட்டுத் தரையைக் கழுவியிருந்தார்கள். அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். லைனை நிறுத்திவிட்டு கேட்டில் உட்கார்ந்தோம். போலீஸ் லத்தி விழுந்தது. என் முன்பற்கள் அங்கேதான் உதிர்ந்தன, வேலையும் போயிற்று. லீடரைக் கொல்ல வேண்டும் என்று இரும்புக்கம்பியோடு சில நாள் அலைந்தேன். பிறகு கம்பியைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாவது வரைவில் பக்கத்துக்குப் பக்கம் அவனைக் கொன்றேன். "கத்துறீங்க தம்பி, கதை சொல்லலை" என்றார் சென்னைப் பதிப்பாளர் ஒருவர். எரிச்சலாக வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. கத்தலைக் குறைத்து மறுபடி எழுதினேன். இன்னொருவர், "அந்தச் சில்லு விஷயத்தை மட்டும் எடுத்துடுங்க. கேஸ் கீஸ்னு வந்தா யாரு அலையறது?" என்றார். அவர் மேசையிலிருந்து தாள்கட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் சின்னதாக அச்சகம் வைத்திருக்கும் ஒருவர் ஒரு வரியும் மாற்றாமல் போட ஒப்புக்கொண்டார். இன்றைக்கு வெளியீடு என்று மண்டபமும் பிடித்தாயிற்று. அதனால்தான் நேற்று காலையிலிருந்து பைண்டிங் கடையில் நின்று, "ஆச்சாண்ணே, இன்னும் ஆகலையா" என்று அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அறை வாங்கியவர் திருப்பி அடிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"காலைலருந்து சீக்கிரம் சீக்கிரம்னு தலமேல நின்னுகினு கீறது யாரு? நானா ஆசப்பட்டு சொருவிக்கினேன்?"

உன் லீடர் நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் காலைத் தொடப் போனேன், தள்ளிவிட்டார். மிச்சத்தை வெட்ட வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றேன். பதிப்பாளர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டட்டும்.

இன்று விழாவில் பாதிப் புத்தகங்கள் ஓரம் வெட்டாமல், மடித்த தாள்கள் ஒட்டியபடியே போயின. முதல் பிரதி உன் அம்மாவுக்கு. அவர் ஒட்டிய தாள்களுக்குள் விரலை விட்டுப் பிரித்து, நீ செத்த பக்கம் எது என்று கேட்டார். காட்டினேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுசும் படித்தார்.

"பராக்கு பாத்துகினு இருந்தான்னு சொன்னாங்களேப்பா. அப்போ எம்புள்ள மேல தப்பு இல்லியா?"

"இல்லம்மா" என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பழியையும் சேர்த்தல்லவா இத்தனை வருடம் அழுதிருக்கிறார். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லையடா.