நடுப்பாலத்தில் நிற்கிறவன்

அன்புள்ள தம்பிக்கு,

கடவுளைக் கும்பிட்டுவிட்டு அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. பொய்யாக எழுத மனம் வரவில்லை. நீயும் உன் மனைவியும் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், அது மட்டும் நிஜம்.

போனிலேயே சொல்லியிருப்பேன். அப்பா பேச்சை எடுத்தாலே உன் பக்கம் எதுவும் சரியாகக் கேட்பதில்லை. காகிதத்துக்கு அந்தக் கோளாறு கிடையாது. கிழித்துப் போடுவதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

போன வாரம் அப்பா ரயிலை நிறுத்திவிட்டார்.

அவருக்கு ஞாபகம் தப்பிப்போனது உனக்குத் தெரியும். அம்மா போனதை மறந்தார், சாப்பிட்டதை மறந்தார், என்னை மறந்தார். கேட்மேன் உத்தியோகத்தை மட்டும் மறக்கவில்லை. ரயில் பாலத்து முனையில் அவர் காவல் இருந்த கேட்டை மூடிச் சுவர் எழுப்பி வருஷக்கணக்காகிறது. மத்தியானம் ஆனால் அங்கேதான் போய் நிற்பார். நிற்கட்டும், காற்று வாங்கட்டும் என்று நானும் விட்டிருந்தேன். அன்றைக்குக் கொடியில் காய்ந்த என் சிவப்புத் துப்பட்டாவை உருவிக்கொண்டு போயிருக்கிறார். தண்டவாளத்து நடுவில் நின்று அதைப் பிடித்திருக்கிறார். டிரைவர் பிரேக்கை அழுத்தி நிறுத்தியபோது இவருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஓர் ஆள் படுக்கிற இடம்தான் இருந்ததாம். உள்ளே கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண் விழுந்து அவளுக்கு நெற்றி பிளந்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தாய்க்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி, ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்துவந்தார். வயசைப் பாத்து விடறேன், இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா கேஸ் போட்டு மனநலக் காப்பகத்துக்கு அனுப்பிடுவேன், உங்க வீட்டு ஆளை நீங்கதான் கட்டி மேய்க்கணும் என்றாராம் இன்ஸ்பெக்டர். உன் மாமாவையும் குறை சொல்ல முடியாது. பூட்டித்தான் வைக்கணும், வேற வழி இருந்தா நீயே சொல்லு என்கிறார். நானே பூட்டினேன். உப்பு புளிக்குக்கூடக் கணக்கு எழுதி வைக்கிறவள் நான். பெற்ற தகப்பனைப் பூட்டிவிட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டதை எந்தப் பக்கத்தில் எழுத?

பூட்டியது முதல் அவர் சாப்பிடவில்லை. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. சோறு கொண்டு போனால் என்னை ஸ்டேஷன் மாஸ்டர் என்று நினைத்து எழுந்து நிற்கிறார். ஐயா, பையன் நடுப்பாலத்துல நிக்கிறான், சிவப்பு காட்ட உத்தரவு கொடுங்க ஐயா என்று கும்பிடுகிறார். நான்தாம்பா உங்க மக என்றால், மகளுக்கு எதுக்குங்க டூட்டி ரூமுல வேலை என்று கேட்கிறார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பையன் இறங்கினா சாப்பிடறேன் என்பதுதான் கடைசிப் பேச்சு. இப்படியே போனால் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் எந்தப் பையனைச் சொல்கிறார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ரயில்வே குவார்ட்டர்ஸை நினைத்துக்கொள்கிறாயா? வெள்ளைத் துணி உலர்த்துவதற்கு முன் அம்மா வாசலில் நின்று, பெட்டிகளை இழுத்து மாற்றுகிற ஷண்டிங் எஞ்சினின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். கிழவன் டிரைவர் எஞ்சினிலிருந்து வெந்நீர் திறந்துவிடுவார். வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எண்ணெய் வாசனை அடிக்கிற அந்தத் தண்ணீரில்தான் குளித்தோம். வேகன்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் நின்றால்தான் நமக்குத் தூக்கம் கலையும். உன்னைப் பாலத்துக்கு அக்கரையில் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். என்னைப் போடவில்லை. சாயங்காலம் யார்டில் நிற்கிற வேகன் மேல் எழுதியிருப்பதை நீ விரல் வைத்துப் படித்துக் காட்டுவாய். நான் கரித்துண்டால் தரையில் எழுதிப் பார்ப்பேன். இந்தக் கடிதத்தின் எழுத்து அப்படி வந்தது. நீ போட்ட பிச்சை என்று அம்மா கேலி செய்வாள்.

பாலத்தில் நடக்கச் சொல்லிக்கொடுத்தது அப்பா. தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற கட்டைக்குக் கட்டை குட்டையாக எட்டு வை, காலைப் பார்க்காதே, முன்னால் வருகிற கட்டையைப் பார். ரயில் சத்தம் கேட்டால் ஓடாதே, பக்கவாட்டில் இருக்கிற இரும்புக் கூட்டுக்குள் ஒதுங்கு, கம்பியைப் பிடி, முதுகைக் காட்டி நில். நீ தவ்வித் தவ்விப் போவதைப் பார்த்து வெட்டுக்கிளி என்று பேர் வைத்தவரும் அவர்தான்.

அன்றைக்கு நான் கரையில் எஞ்சின் கொட்டின கரி பொறுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். யார்டு பக்கத்திலிருந்து மெயில் வண்டி வருகிறது. நீ நடுப்பாலத்தில் கூட்டுக்குள் ஒதுங்கிவிட்டாய். ஆனால் முதுகைக் காட்டவில்லை, அப்பாவைப் பார்த்தபடி நின்றாய். அவர் கையில் சிவப்பு, பச்சை இரண்டு கொடியும் இருந்தன. அவர் பச்சையைத்தான் காட்டினார். ரயில் உன் சட்டையை உரசுகிற மாதிரிப் போயிற்று. நீ அழாமல் இறங்கி வந்து, என்னைப் பாத்தீங்களாப்பா என்று கேட்டாய். பாத்தேனே, கூட்டுலதானே நின்ன, ரூல்படி அது போதும்டா என்றார். அதற்கப்புறம் நீ அவரிடம் எதையும் கேட்டதில்லை. மீசை முளைத்ததும் ஊரை விட்டே போய்விட்டாய். பெத்த பிள்ளையைப் பாத்துக்கிட்டே பச்சை காட்டினவர் என்று என் கல்யாணத்தில் எல்லோர் முன்பும் சொன்னாய். அவரும் விடாமல் ரூல் பேசினார்.

தம்பி, இப்போது அவருக்கு ரூல் ஞாபகம் இல்லை. எல்லாம் கழிந்து மிச்சம் நிற்பது நீ ஒருவன்தான், அந்தப் பாலத்தின் நடுவில். அந்த மெயிலுக்குத்தான் அவர் தினமும் சிவப்பைத் தேடுகிறார்.

ஏமாற்றிப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரரை அழைத்துவந்து, இதோ உங்க பையன் இறங்கி வந்துட்டான் என்று ஜன்னல் வழியாகக் காட்டினேன். அப்பா அந்த ஆளின் நடையை ஒரு பார்வை பார்த்தார். இவன் கட்டை மேல நடந்தவன் இல்லை, ரோட்டுல நடக்கிறவன் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ இன்னும் தெருவில்கூடக் கட்டைக்குக் கட்டை வைக்கிற மாதிரித்தான் நடக்கிறாய். அம்மா காரியத்துக்கு வந்தபோது பார்த்தேன். நரைத்த பிறகும் அந்தத் தவ்வல் போகவில்லை.

அதனால் கேட்கிறேன். பாலத்தை ஒட்டி இப்போது கைப்பிடி வைத்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். தண்டவாளத்துப் பக்கமே நீ போக வேண்டாம். நானும் உன் மாமாவும் அப்பாவை ஆளுக்கொரு கையாகப் பிடித்துப் பழைய கேட்டுச் சுவரருகில் உட்கார வைக்கிறோம். நீ அக்கரையிலிருந்து நடந்து வா. பேச வேண்டாம், காலில் விழ வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். மன்னிப்பது உனக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கிற விஷயம். அவர் கண் முன்னால் அந்தப் பாலத்தை விட்டு இறங்கு, அது போதும். ஒரு வாய் கஞ்சி உள்ளே போய்விடும். உன்னை அவர் அடையாளம் காண்பாரா என்று சத்தியம் செய்ய முடியாது. நடையை நம்பித்தான் எழுதுகிறேன்.

வேலை இருக்கும், லீவு கிடைக்காது, தெரியும். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிடாதே. சாவி என் முந்தானையிலேயே இருக்கிறது, அந்த முடிச்சு கழுத்தில் கிடக்கிற மாதிரி கனக்கிறது.

கடவுள் உனக்கும் உன் வீட்டாருக்கும் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். நீ வரும் வழியெல்லாம் பச்சையாக இருக்கட்டும். நீ இறங்கினால்தான் அவர் அந்த ரயிலைப் போக விடுவார்.

வழி பார்த்திருக்கும்,
அக்கா