செலோவா போ

என் ரோசாக்குட்டி,

சனிக்கிழமை உங்கள் பாட்டுக் கச்சேரிக்குப் போனேன். ஆமாம், நானேதான். செத்தாலும் வர மாட்டேன் என்று உன்னிடம் சொன்ன அதே அம்மா.

உங்கள் பாட்டு டீச்சர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். அவருடைய தாத்தா நம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி. சம்பளத்துக்காக அந்தக் கிராணி வாசலில் என் அப்பா கைகட்டி நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். "அந்த வீட்டு ஆளுங்களோட நமக்கு என்னடி பாட்டு?" என்று உன்னிடம் எத்தனை சண்டை போட்டேன்!

அந்தக் கடைசி நாள் ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, இந்தத் தடவை செலோ இருக்கு!" என்று குதித்தாய். மெதுவாக என்பதற்கு நாம் செலோ என்றுதானே சொல்வோம்? "செலோவா பாடினா நான் தூங்கிடுவேன்டி" என்றேன்.

"ஐயோம்மா, செலோன்னா வாத்தியம் லா! பெரிய பிடில் மாதிரி!"

நீ குளிக்கப் போனதும் உன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். பயிற்சிக்குப் போகாமல் இருந்தால் சரி என்று நினைத்தேன். அரை மணி நேரம் தேடினாய். கண் கலங்கியதைப் பார்க்க முடியாமல், அலமாரிக்குப் பின்னால் கிடந்தது என்று பொய் சொல்லிக் கொடுத்தேன்.

"லேட்டாயிடுச்சு லா, டீச்சர் ஏசுவாங்க!"

வாசலில் நின்று கத்தினேன். "செலோவா போடி!"

"வாத்தியமாவா போறது?" திரும்பிப் பார்த்துச் சிரித்தாய்.

சுவா ஊர் முச்சந்தியில் செம்பனைக்குலை ஏற்றி வந்த லோரி மோதி, அங்கேயே போய்விட்டாய். நீ வேகமாக வந்தாய் என்று டிரைவர் போலீசில் சொல்லியிருக்கிறான். உன் அப்பா அவனை அடிக்கப் போனார். "எம்பொண்ணு வேகமா ஓட்டாது!" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கச்சேரியில் பதினைந்து பேர் நின்றார்கள். நடுவில் உன் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ஒரு சீனப் பெண் அந்தப் பெரிய வாத்தியத்தை, காய்ச்சல் பிள்ளையைப் பிடித்து வைப்பதுபோல, முழங்காலுக்கு நடுவில் அணைத்து உட்கார்ந்தாள். நீ தனியாகப் பாட வேண்டிய வரியை யாரும் பாடவில்லை. அவள் வாசித்தாள்.

ரோசா, அது உன் குரல். "ஆம்பளைக் கொரல்டி உனக்கு" என்று நான் கேலி செய்வேனே, அதே அடிக்குரல்.

திடீரென்று வில் வேகமெடுத்தது. வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது: "செலோவா... செலோவா..."

பக்கத்து நாற்காலி அம்மா என் கையைத் தட்டினார். "ஆமாம்மா, செலோதான். நல்லா வாசிக்கிறாங்க இல்ல?"

நான் தலையாட்டினேன்.

சாவியை ஒளித்தது இதுவரை ஒருவருக்கும் தெரியாது. நாலாம் வகுப்புப் படித்த கை, எழுத்து கோணலாக வருகிறது. எழுத்துக்கூட்டி எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பேப்பருக்கு அனுப்பப் போகிறேன். அதில் வருவதற்கு முன்னால் உன் அப்பாவிடம் என் வாயாலேயே சொல்லிவிடுவேன். அவர் என்ன செய்தாலும் சரி. இது உனக்கு நான் கொடுக்கும் சத்தியம்.

உன்னைப் பெற்ற அம்மா,
மரியபாக்கியம்

அன்றைக்கு நீ செலோவாகத்தானே போனாய், ரோசா?