விட்டுப்போன மைனஸ் ஆறு

1936 மார்கழி 9, புதன்

இண்டைக்குக் கணக்குச் சோதனை. x² + kx + 9 = 0 எண்ட சமன்பாட்டுக்கு ஒரேயொரு தீர்வு மட்டும் வர, k என்னவாயிருக்க வேணும் எண்டு கேட்டிருந்தினம். k-இன்ரை வர்க்கத்திலை முப்பத்தாறைக் கழிச்சால் பூச்சியம் வரவேணும். ஆறெண்டு எழுதிப்போட்டு, சந்தோசமாய் எழும்பி வந்திட்டன்.

என்னோடை சோதனை எழுதிப்போட்டு பஸ்ஸிலை பக்கத்திலை இருந்த சிவகாமி, "மைனஸ் ஆறும் எழுதினனியோ?" எண்டு கேட்டாள். இல்லையெண்டு தலையாட்டிப்போட்டு, கோப்பாய்த் தோட்டங்களைப் பாத்துக்கொண்டு வந்தன்.

சோதனை பாஸெண்டால் ஆசிரியப் பயிற்சிக்கு விடுவன், இல்லாட்டில் அச்சுவேலி மாப்பிள்ளைதான் எண்டு ஐயா முந்தியே சொல்லிப்போட்டார். பின்னேரம் கிணத்தடியிலை கால் கழுவிக்கொண்டு, "எப்பிடிப் பிள்ளை?" எண்டார்.

பொய் சொல்ல வாய் வரேல்லை. "ஒரு விடையை விட்டிட்டன், ஐயா."

"மிச்சம்?"

"மிச்சமெல்லாம் சரி."

அவர் வாளியைக் கவிட்டு வைச்சார். "அச்சுவேலியாரின்ரை சாதகத்தை நாளைக்குத் திருப்பிக் குடுக்கிறன். நீ பயிற்சிக்குப் போற அலுவலைப் பார்."

அம்மா குசினிக்குள்ளை சட்டியை வைச்ச சத்தம் பலமாய்க் கேட்டுது.

இப்ப கண்ணை மூடினால் அந்தச் சமன்பாட்டின்ரை வளைகோடு வருது. மெல்ல இறங்கி, கிடைக்கோட்டை ஒரேயொரு இடத்திலை தொட்டு, திரும்ப ஏறிப் போகுது. k ஆறெண்டால் இடப்பக்கத்திலை, மைனஸ் ஆறெண்டால் வலப்பக்கத்திலை. ரெண்டும் வடிவு. சோதனையிலை ஏன் எனக்கு ஒண்டுதான் தெரிஞ்சுது? விடியச் சிவகாமிக்குச் சொல்லவேணும், ஐயா என்னைப் பயிற்சிக்கு விடுறார் எண்டு.