ஐஸ் பெட்டியின் விலை

27 மே, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். முட்டுக்காட்டில் கடல் காற்று பன்னிரண்டு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறது.

நான் உருவாக்கும் மீன்பிடி சீட்டு விளையாட்டு. பழைய கார்டுகள் நானே மார்க்கரால் பெரிதாக எழுதியவை. புதியவை 12, கடையில் அச்சடித்தவை. மூலையில் விலை, எத்தனை சோழி என்று. எண் சின்னது, வெளிர் சாம்பல், பார்க்க அழகு.

பிரச்சினை: புதியதில் ‘ஐஸ் பெட்டி’, விலை 5. அன்சாரி அண்ணன் வாங்குவதே இல்லை. வாங்காத கார்டு என்றால் விலை அதிகம். 4 ஆக்கினேன்.

அண்ணன் என் மகள் ஹாஜிரா போகிற ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். லீவு என்பதால் தினமும் ஆட வருகிறார்.

29 மே, வியாழன்

ஐஸ் பெட்டி 3. தொடவில்லை. 2. அப்போதும் பழைய படகு, பழைய வலைதான். மாடி வீட்டுச் சுமதியோ ஐஸ் பெட்டியாக அள்ளி மூன்று ஆட்டமும் ஜெயித்தாள்.

“சும்மா குடுக்கிற மாதிரி கீதுக்கா.”

ஒரே கார்டு அவளுக்கு மலிவு, அண்ணனுக்கு விலை அதிகமா? கணக்கு உதைக்கிறது. எரிச்சல். ‘அண்ணனுக்குப் புதுசு பிடிக்காது’ என்று குறித்தேன்.

வாங்க: பால், பசை, ஹாஜிராவுக்கு நோட்டு அட்டை.

31 மே, சனி

முழுக் கட்டும் அச்சாகி வந்தது. கடைக்காரர் சொதப்பல்: ஒன்றிலும் விலை விழவில்லை. நானும் பார்க்காமல் பிரித்துப் போட்டுவிட்டேன்.

முதல் ஆட்டம் அண்ணன். ஒரு கார்டை எடுத்தார், யோசிக்காமல் நாலு சோழி வைத்தார்.

அடுத்து சுமதி. “இன்னாக்கா, நம்பரே காணோம்?”

அவள் மாடிக்குப் போனதும் ஐஸ் பெட்டியை நீட்டினேன். இது என்ன படம், அண்ணே?

“போட்டு.”

ஐஸ் பெட்டியைப் படகு என்கிறார்.

1 ஜூன், ஞாயிறு

அண்ணன் ஒத்துக்கொண்டார். சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டதாம். நடுவில் புகை மாதிரி. ரம்ஜானிலிருந்தே.

“ரோடு மனப்பாடம், ஆமினா. நெம்மேலி வரைக்கும் ஸ்பீடு பிரேக்கர் எங்கெங்க கீதுன்னு கண்ண மூடிகினு சொல்வேன்.”

“குறுக்கே ஓடி வர்ற புள்ளையும் மனப்பாடமா?”

சோழிகளைக் கையில் அள்ளினார். பிறகு: “கண்ணுல ஊசி போடச் சொல்லிக்கீறாங்க. காலாண்டு லீவுல போட்டுக்கிறேன். வேன வுட்டா எனக்கு இன்னா கீது? யார்கிட்டயும் சொல்லாத.”

சரி என்று சொல்லித் தொலைத்தேன். இதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

2 ஜூன், திங்கள்

பள்ளி திறப்பு. மேகமூட்டம். ஹாஜிராவுக்குக் காய்ச்சல் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள். அண்ணன் சொன்னது: “சரிம்மா.”

7.40. ஹாரன். ஜன்னலில் நின்றேன். சுமதி தன் பையன் கவினை வேனில் ஏற்றிவிட்டாள். புது ஷூ. உள்ளே பத்துப் பன்னிரண்டு தலை.

பள்ளி நம்பர் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். அழுத்தவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சுமதி வாசலில். “ஹாஜிரா ஏன் வரல?”

காய்ச்சல் என்றேன். உள்ளே வந்து பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள்.

“சூடே இல்லியேக்கா.”