வேனில் வந்த டீச்சர்

பந்தல்குடி
12.01.2025

அன்புள்ள பானுப்பிரியா டீச்சருக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப் போகிறேன்.

நீங்கள் மில் வேலைக்குப் போன பிறகு தாவரவியலுக்கு யாரும் வரவில்லை. கணக்கு சார்தான் கைடைப் பார்த்து வாசிக்கிறார். வகுப்பில் மதன்குமார், "ஏலே, பானு டீச்சரு மில்லுல பஞ்சுக்குப் பாடம் எடுக்குறாகளாம். அதாச்சும் பேசாம கேக்கும்லடா" என்றான். எல்லோரும் சிரித்தோம். பிறகு எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பன்னிரண்டாவது முடித்ததும் என்னையும் மில்லுக்கு அனுப்ப அப்பா நினைக்கிறார். எனக்குக் கல்லூரியில் தாவரவியல் படிக்க வேண்டும், உங்களைப் போல டீச்சராக வேண்டும். போன வருடம் சுகப்பிரியாவைப் படிக்க வைக்கச் சொல்லி அவள் வீட்டுக்குப் போனீர்களே! "சரின்னு சொன்னாத்தான் தண்ணி குடிப்பேன்" என்று மதியம்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தீர்கள். அவள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். "டீச்சர் என்ன சொன்னாலும் கேக்குறேன்" என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் மாணவி,
வீ. பிருந்தா

*

அருப்புக்கோட்டை
02.02.2025

அன்பு பிருந்தா,

உன் கடிதம் கிடைத்தது. ஏன் போனேன் என்று நீ கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மே மாதமும் பள்ளிக்குப் பிள்ளை சேர்க்க எங்களை வீடு வீடாக அனுப்பினார்கள். சேர்க்காதவர்களுக்குச் சம்பளத்தை நிறுத்தினார்கள். இங்கேயும் வீடு வீடாகத்தான் போகிறேன், மில்லுக்குப் பெண்கள் சேர்க்க. இதற்கென்றே டீச்சராக இருந்தவர்களை எடுக்கிறார்கள். எங்களைக் கண்டால் பெற்றோர் எழுந்து நிற்கிறார்களாம்.

பாடம் எடுத்து எடுத்து வந்த தொண்டை வலி நின்றுவிட்டது. வருத்தமாக ஒன்றும் இல்லை. சந்தோஷமாகவும் ஒன்றும் இல்லை.

மே மாதம் உங்கள் ஊருக்கு வருவேன். அப்பாவிடம் பேசுகிறேன். நீ படி.

அன்புடன்,
பானுப்பிரியா

*

பந்தல்குடி
20.05.2025

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்று வந்தீர்கள். தெருமுனையில் மில் வேன் நின்றதும் நான்தான் முதலில் ஓடி வந்தேன். கூட மேலாளர் ஒருவர் இறங்கினார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

அம்மா கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். உட்கார்ந்ததுமே குடித்துவிட்டீர்கள்.

"பாதுகாப்பான எடம்ங்க. வேனு வாசலுக்கே வரும். படிக்கணும்னா தபால்லகூடப் படிச்சுக்கிறலாம்" என்றீர்கள். மேலாளர் தலையாட்டினார்.

"இவுக சொல்லிட்டாகன்னா மறுபேச்சு இல்லைங்க" என்றார் அப்பா. என்னைப் பார்த்து, "நீதான தாயி சத்தியம் வாங்குன?" என்று சிரித்தார்.

நான் கதவோரம் நின்றேன். மார்க்கைக் கேட்டீர்கள். சொன்னேன். "நல்ல மார்க்கு" என்றீர்கள்.

டீச்சர், நீங்கள் நினைத்ததைத்தான் சொன்னீர்களா? கல்லூரியில் சேர இன்னும் நாள் இருக்கிறது. அப்பாவிடம் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்களுக்காக மாற்றிக்கொள்வார்.

பிருந்தா

*

அருப்புக்கோட்டை
27.05.2025

பிருந்தா,

உன்னைப் படிக்க வைக்கச் சொல்லத்தான் வந்தேன். மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்ததும் தினமும் சொல்வதே வந்தது, பல வருடம் எடுத்த பாடம் போல நிற்காமல் வந்தது. வேனில் ஏறிய பிறகு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நாளை உன் அப்பாவுக்குப் போன் செய்கிறேன்.

பானுப்பிரியா

*

மில் விடுதி
15.06.2025

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

இங்கே உங்களை டீச்சர் என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் போன் செய்தீர்கள். அப்பா ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். நீங்கள் "பிருந்தா விசயமா" என்று தொடங்கியதுமே, "பயப்படாதீக டீச்சர், குடுத்த வாக்கு மாற மாட்டேன், ஒண்ணாந்தேதி அனுப்பிருவேன்" என்றார். நீங்கள் "சரிங்க" என்றீர்கள். அப்பா போனை வைத்துவிட்டு லோடு ஏற்றப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் மேலும் வரவில்லை. வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று புதிதாய் வந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தீர்கள். சடையை எப்படிக் கட்டித் தொப்பிக்குள் விட வேண்டும், ஓடும் மிஷினில் ஏன் கை வைக்கக் கூடாது என்று சொன்னீர்கள். ஒருமுறை கேட்டதுமே புரிந்தது. நீங்கள் எப்போதும் நன்றாகத்தான் சொல்லிக் கொடுப்பீர்கள். முடிவில், "யாருக்காச்சும் சந்தேகம் இருக்கா?" என்று கேட்டு, எல்லோரையும் பார்த்தீர்கள். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். கை தூக்கவில்லை. எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை.

பக்கத்துக் கட்டில் பெண் வீரசோழன் ஊர்க்காரி. வந்ததிலிருந்து அழுகிறாள். "நீ அழுகலையாடி?" என்று கேட்டாள். எழுதி முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இதற்குப் பதில் போட வேண்டாம் மேடம். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

பிருந்தா