வழிமொழிந்தவர் என்ற இடத்தில் உங்கள் ஒப்பு

என் அன்பு அத்தாவுக்கு,

சலாம். நீங்கள் மவுத்தாகிக் கண்மூடிய பிறகான இந்த மூன்று வருடத்தில் சொல்ல நல்ல சேதியும் இருக்கிறது. இன்று எழுதுவது அதற்காக இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அத்தா. மலையாளத்தில் படித்தவள் நான், தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து இது ஒன்றுதானே.

நம் கூட்டுறவு வங்கி பாதிக் கதவைச் சாத்திவிட்டது. முப்பது வருடம் தோளில் பையை மாட்டிக்கொண்டு, மட்டாஞ்சேரி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி, தினச் சேமிப்பு வசூலித்துக் கொண்டுபோய்க் கட்டினீர்களே, அதே வங்கிதான். பெரிய ஆட்களுக்கு அள்ளிக் கொடுத்த கடன் திரும்பி வரவில்லை. பணம் போட்டவர்கள் மாதம் ஒரு சின்னத் தொகைக்கு மேல் எடுக்க முடியாது. அதற்கும் காலையிலேயே போய் டோக்கனுக்கு நிற்க வேண்டும்.

கிடங்கில் இஞ்சி பிரிக்கிற மேரிச் சேச்சி போன வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, பணம் வங்கிக்குள் கிடக்கிறது. "பேங்குல போய்க் கேளுங்க சேச்சி" என்றேன். "பேங்குல எனக்கு ஆரயும் அறியில்ல மோளே. எனக்கு அறிஞ்சது இக்காவ மட்டும்தான்" என்றார், தினமும் காசை வாங்கிப்போன உங்களைச் சொல்லி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாயா போட்டுக் கொடுத்தேன், குடிக்காமல் காலை இழுத்து இழுத்துப் படியிறங்கினார்.

பணம் போட்டவர்கள் சிலர் சேர்ந்து, பழைய பொதுக்குழுத் தீர்மானங்களின் நகலை வாங்கி என்னிடம் படிக்கக் கொடுத்தார்கள். வங்கியை நடத்தும் எம்.டி.யின் சம்பளம் அதில் இருக்கிறது. சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை, எவ்வளவு கடன் கொடுக்கிறாரோ அவ்வளவுக்கு. அந்தக் கடன் திரும்பி வந்ததா இல்லையா என்று ஒரு வரி கிடையாது. வங்கி தள்ளாடிய போன வருடமும் வாங்கியிருக்கிறார். கேட்டால், "எல்லாம் பொதுக்குழு பாஸாக்கியது" என்கிறார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது உங்கள் கமிஷன். நீங்கள் சேர்த்துவிட்ட கடைக்காரர் வருடம் முடியும் முன் கணக்கை மூடினால், உங்களுக்குக் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப் பிடித்த ஒரு பெருநாளுக்கு, எனக்கு எடுத்த பாவாடைத் துணியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். "சட்டம்மா, நம்ம என்ன பண்ண" என்றீர்கள். பை சுமந்தவருக்கு இருந்த சட்டம், காரில் வந்தவருக்கு ஏன் இல்லை?

இதைக் கேட்க வேண்டும் என்று கொதித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அந்த ஊக்கத்தொகைத் தீர்மானத்தின் அடியில், 'வழிமொழிந்தவர்' என்ற இடத்தில், முழுக்க மலையாளம் நிறைந்த தாளில் ஒரே ஒரு தமிழ்க் கையெழுத்து. கீழே இரண்டு கோடு. என் ரேங்க் கார்டில் போட்ட அதே கையெழுத்து.

எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டம் தொடங்கும் முன்பே தீர்மானப் புத்தகத்தை நீட்டியிருப்பார்கள். "இக்கா, இவிடே ஒரு ஒப்பு." போட்டதும் கையில் ஒரு பிரியாணிப் பொட்டலம். வருடா வருடம் எல்லோரும் அப்படித்தானே போட்டார்கள், வாங்கினார்கள், வீட்டுக்கு வந்தார்கள். கரண்ட் பில் முதல் மருந்துச் சீட்டு வரை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வீர்களே அத்தா, இதை மட்டும் ஏன் கேட்கவில்லை? அத்தனை பேர் நடுவில் வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமா? இல்லை, எம்.டி.யே கூப்பிட்டுக் கேட்ட பெருமையா? கோபம் வருகிறது. அடுத்த நிமிடமே அழுகையும் வருகிறது.

நாளைக் காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. உங்கள் பங்கு என் பெயருக்கு மாறியதால் நானும் உறுப்பினர். நான் பேசப் போகிறேன் என்று எப்படியோ தெரிந்து, வங்கியிலிருந்து ஒருவர் போன் செய்தார். "மோளே, நீ எழுந்து நின்னா வாப்பாவோட ஒப்ப எல்லாரும் காண காட்ட வேண்டி வரும். வெறுதே எதுக்கு?" குரலில் அவ்வளவு அன்பு. அதிலிருந்துதான் இந்தப் பயம்.

அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். "மவுத்தானவரு பேர ஏன்டி சந்தியில இழுக்குற? அவரு சேத்து வச்சது அது ஒண்ணுதானேடி." உண்மைதான். அந்தப் பெயரை நம்பித்தான் மேரிச் சேச்சி தினமும் கூலியில் ஒரு பங்கை உங்கள் பையில் போட்டார். நான் வாயைத் திறந்தால் அந்தப் பெயர் போகும். திறக்காவிட்டால் சேச்சியின் கால்? நாளை அவரும் அங்கே இருப்பார். எல்லாம் கேட்டபின் என் முகத்தைப் பார்ப்பாரா?

அத்தா, ஒன்று தீர்மானித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் காட்டும் முன் நானே சொல்லிவிடுவேன். "இந்த ஒப்பு என் அத்தாவுடையது. மலையாளம் வாசிக்கத் தெரியாமல் போட்டார். போட்டது தப்புதான்." அதன்பிறகு கேட்பேன். "வசூல்காரரின் கமிஷனைத் திரும்பப் பிடித்தீர்களே, எம்.டி.யின் ஊக்கத்தொகையை எப்போது பிடிப்பீர்கள்?" குரல் உடைந்தாலும் கேட்டு முடிக்காமல் உட்கார மாட்டேன்.

இந்த வருடம் பிரியாணி கிடையாதாம், சாயாவும் பிஸ்கட்டும்தானாம். எனக்கு அதுவும் வேண்டாம். கூட்டம் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை முதல் வரியிலிருந்து எல்லோரும் கேட்கச் சத்தமாக வாசித்த பிறகுதான் ஒப்புப் போடுவேன், இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. தமிழிலேயே போடுவேன் அத்தா, கீழே உங்களைப் போலவே இரண்டு கோடும்.

இப்படிக்கு,
அந்தப் பிரியாணியில் பங்கு தின்ற உங்கள் மகள்,
மும்தாஜ்
மட்டாஞ்சேரி