தொடாமல் காத்த மண்டையோடு

ஏப்ரல் 2
அணை அலுவலகத்தின் அறிவிப்பு இன்றைய நாளிதழில் வந்திருக்கிறது: இர்திஷ் ஆற்றில் பதினைந்தாம் தேதி காலை தண்ணீர் திறக்கிறார்கள். ஆண்டுதோறும் திறப்பதுதான். புல்வெளிக்கு நல்லது, கரைக்கு ஆகாது.

அந்தக் கரையில்தான் எர்மெக் கண்டுபிடித்த மண்டையோடு இருக்கிறது. எர்மெக் ஆற்றோரக் கிராமத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். நேற்று எங்கள் அருங்காட்சியகத்தின் இணையக் குழுவில் படம் போட்டிருந்தான்: களிமண்ணில் ஒரு வரிசைப் பற்கள், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கிண்ணம். குழுவைத் தொடங்கிய நாளிலிருந்து எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான். படம் எடு, இடத்தைக் குறி, தொடாதே. விஞ்ஞானி வருவார்.

ஏப்ரல் 3
அல்மாட்டி ஆய்வு நிலையத்திலிருந்து தொல்லுயிர் விஞ்ஞானி டாக்டர் குல்யாஷ் அழைத்தார். கொம்பில்லாத காண்டாமிருகமாம், பல லட்சம் ஆண்டுப் பழசு. "தாடையோட முழுசா கிடைச்சா நம்ம பக்கத்துல இதுதான் முதல். யாரும் கை வெக்காம பாத்துக்கோங்க. மண்ணடுக்கு கலைஞ்சா சரியான வயசு சொல்ல முடியாது." தோண்டுவதற்கு அனுமதி கேட்டு மனு போட்டுவிட்டார்.

எர்மெக்கிடம் சொன்னேன். "பதினஞ்சுக்குள்ள வந்துருவாங்களாண்ணே?"

வருவார்கள் என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? செய்தியாளனாக இருந்தபோது இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் ஆசிரியர் கிழித்துப் போட்டிருப்பார்.

ஏப்ரல் 8
அனுமதி வரவில்லை.

ஏப்ரல் 10
நேரில் போனேன். எர்மெக் மண்டையோட்டின் மேல் பழைய கம்பளியைப் போர்த்தி, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறான். வீட்டில் அவன் மனைவி ஷோல்பன் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "என் பிரசவத்துக்குக்கூட இந்த மனுசன் இப்படிக் காவல் இருந்ததில்ல."

"உன்னைய ஆறு அடிச்சிட்டுப் போகாதுடி. போனாலும் திருப்பி அனுப்பிரும்."

சிரித்தோம். வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, உங்க குழுவுல லைக் போடுறவன் ஆயிரம் பேரு. மம்பட்டி தூக்க ஒருத்தன் இல்ல. நானும் மச்சானும் மண்ணோட பேத்து எடுத்துருவோம். நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

குல்யாஷை அழைத்தேன். அனுமதிக் கமிட்டியில் ஒரு கையெழுத்து பாக்கி என்றார். "இன்னைக்கு இவன விட்டா நாளைக்கு ஊரே தோண்டும். வேண்டாம்."

வேண்டாம் என்று நானே அவனிடம் சொன்னேன்.

ஏப்ரல் 13
மேலே பனி உருகிவிட்டது. அணை திறக்கும் முன்பே ஆறு ஏறுகிறது.

ஏப்ரல் 14
எர்மெக்கிடமிருந்து காணொளி. கரை செங்குத்தாகப் பிளந்து, கம்பளி, மூட்டை எல்லாவற்றோடும் தண்ணீருக்குள் சரிகிறது. அவன் முகம் இல்லை, குரல் மட்டும். "நீங்க சொன்னபடி நான் தொடலண்ணே."

திட்டியிருக்கலாமேடா. ஏன் திட்டல?

ஏப்ரல் 16
படத்தை வைத்தாவது ஒரு கட்டுரை எழுத முடியுமா என்று குல்யாஷிடம் கேட்டேன். "கிண்ணத்துக்குப் பக்கத்துல நாலு பல்லு. அத வெச்சு என்னத்த எழுத?"

ஏப்ரல் 21
எர்மெக் குழுவில் புதுப் படம் போட்டிருக்கிறான். இடம் குறிக்கவில்லை. பேருந்தின் பின்னிருக்கையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஒரு கால் எலும்பு. நடுவில் மண்வெட்டி பட்டு இரண்டாகியிருக்கிறது. புதிதாக உடைந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. கீழே அவன் எழுதியது: "இது ஆத்தோட போகல." முந்நூறு பேர் கைதட்டியிருக்கிறார்கள். "எங்க ஊர்லயும் ஒண்ணு தெரியுது, நாளைக்கே மம்பட்டியோட போறேன்" என்கிறான் ஒருவன்.

விதிப்படி நான் இதை நீக்க வேண்டும். குல்யாஷ் இரண்டு முறை கேட்டுவிட்டார். நீக்கவில்லை. எர்மெக்கை அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை.

மாலையில் ஆய்வு நிலையத்திலிருந்து தகவல்: மண்டையோட்டைத் தோண்ட அனுமதி கையெழுத்தாகிவிட்டது. நகல் தபாலில் வருகிறது. வியாழக்கிழமை கிடைக்கும்.